துரையின் கைதி

சங்கிலி துரை சாமிக்கு இரும்பு கொடுப்பது எங்கள் கடைதான், வாப்பா காலத்திலிருந்தே. ரங்கூன் லான்மடாவில் ஆணி, கீல், தாழ்ப்பாள், சங்கிலி, பம்பு உதிரி என்று துருப்பிடிக்கத் தெரிந்த சகலமும் எங்களிடம் கிடைக்கும். அலோன் பக்கத்துத் தமிழ் ஜனங்கள் கைக்குழந்தையோடு வந்து நின்று, "பாரி பாய், துரைக்குக் காப்பு" என்றால், பிள்ளையின் கணுக்காலை நூலால் அளந்து, கம்பியை வெட்டி வளைத்து, முனை சேர்கிற இடத்தில் ரிவெட் அடித்து விடுவேன். பிள்ளை வளர வளரப் பெரியதாக மாற்ற வேண்டும். அதிலும் ஒரு கண்டிஷன். புதியதை மாட்டிய பிறகுதான் பழையதை அறுக்கலாம். கால் ஒரு நொடிகூட இரும்பில்லாமல் இருக்கக் கூடாது.

எங்கள் மார்க்கத்தில் இந்தச் சமாச்சாரத்துக்கெல்லாம் இடம் கிடையாது. ஆனால் வாப்பா வியாபாரி. நாம் விற்பது இரும்பு, அதைக் கதவில் மாட்டுகிறார்களா காலில் மாட்டுகிறார்களா என்று கேட்பது நம் வேலையில்லை என்று சொல்லிவிட்டார். நானும் அப்படியே காலத்தை ஓட்டிவிட்டேன், இந்த ஆனி மழை வரைக்கும்.

அன்று கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகாது என்று இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கார்த்திகேசன் நனைந்துகொண்டு உள்ளே வந்தான். அலோனில் காலையில் பேபியோ விற்கும் சத்யபாமாவின் ஒரே மகன். முளைகட்டிய பட்டாணியை எண்ணெய் விட்டு வேகவைத்து அவள் கூடையில் எடுத்து வந்தால், படகுத்துறை ஜெட்டிக்கு மூட்டை தூக்கப் போகிற ஆட்கள் ரொட்டியோடு வாங்கித் தின்றுவிட்டுத்தான் போவார்கள். மகனும் அங்கேதான், ஒரு கோடவுனில் பருப்பு மூட்டை எடை போடுகிறவன். இருபத்துமூன்று வயது. தமிழ் ஓரளவுக்குப் புரியும், சரியாகப் பேச வராது. பேசினால் பாதியில் பர்மிய மொழிக்குத் தாவிவிடுவான்.

ஸ்டூலில் உட்கார்ந்து கைலியைத் தூக்கிக் காலை நீட்டினான்.

"அறுத்துவிடுங்க பாய்."

"அளவு சின்னதாப் போச்சா? பெருசு மாட்டவா?"

"பெருசு வேணாம். எதுவும் வேணாம்."

அவனுடைய பேர் குலுக்கலில் விழுந்துவிட்டது. படைக்கு ஆள் எடுக்கிறார்களே, அந்தக் குலுக்கல். வார்டுக்காரர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாராம். அடுத்த வாரம் வந்து நிற்க வேண்டும், நிற்காவிட்டால் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். இந்த ஊரில் பையன்களைப் பெற்றவர்கள் யாரும் இப்போது ஒழுங்காகத் தூங்குவதில்லை. என் மகன் நியாஸ் முந்தின வருஷமே மலேசியா போய்விட்டான். அதனால் நான் தூங்குகிறேன் என்று அர்த்தமில்லை.

கார்த்தியும் வழி பார்த்து வைத்திருந்தான். ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்து தெற்கே போகிற மீன் படகில் ஆள் ஏற்றும் கோ தெய்ன் என்பவர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புகிற படகில் இடம் வைத்திருந்தார். எல்லாம் பேசி முடித்த பிறகு பையனின் காலைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார். கல் உடைக்கிற முகாம் கைதிகளுக்குத்தான் இங்கே காலில் இரும்பு. வழியில் யார் கைலியைத் தூக்கிப் பார்த்தாலும், முகாமிலிருந்து தப்பி வந்தவன் என்றுதான் நினைப்பார்கள், இவனோடு சேர்ந்து படகே மாட்டும் என்றாராம். இரும்போடு வந்தால் ஏற்ற மாட்டேன் என்று முடித்துவிட்டாராம்.

"அம்மா என்ன சொல்லுது?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பர்மிய மொழியில் சொன்னான். தானே கோடவுன் ரம்பத்தை எடுத்து அறுத்துக்கொண்டு போக ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் அப்படிப் போனால், தன் தலையில் ஒரு இலை விழுந்தால்கூட அம்மா தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வாள், சோறு தண்ணீர் இறங்காது. அம்மா சரி என்று சொல்லி, அம்மா முன்னால் அறுக்க வேண்டும்.

சத்யபாமா எப்படிச் சரி என்பாள்? அவளுடைய கணக்கே வேறு. கார்த்திக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவன் பிறந்ததும் துரையின் கல்லுக்கு முன்னால் படுக்கவைத்து, "இவன் ஒன்னோட கைதி" என்று ஒப்படைத்துக் காப்பு மாட்டினார்கள். ஒரு ஜெயிலில் இருக்கிற கைதியை இன்னொரு ஜெயில்காரன் வந்து இழுத்துக்கொண்டு போக முடியாதல்லவா? எமனானாலும் துரையிடம் அனுமதி கேட்டுத்தான் தொட வேண்டும். அதுதான் அந்த நேர்ச்சையின் சூட்சுமம். கல்யாணம் நிச்சயமானால் ஆடு வெட்டி, கதை பாடி, விடுதலை செய்து காப்பை அறுப்பார்கள். கார்த்திக்கு இன்னும் அந்த வேளை வரவில்லை.

படைக்கு ஆள் எடுக்கிற பேச்சு கிளம்பியதும் இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? மற்ற தாய்மார்களெல்லாம் ஏஜெண்ட்டைத் தேடி ஓடியபோது, இவள் மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். ரிவெட் லூசாக இருக்கிறதா பார், இன்னொன்று சேர்த்து அடி என்றாள். அடித்தேன். துரையின் கைதியைப் பட்டாளம் தொடாது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். ஊரில் பாதிப் பையன்கள் கிளம்பிப் போன அந்த மாதங்களில், இவன் மட்டும் ஒழுங்காக வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அவளை நம்பி அவனும், துரையை நம்பி அவளும். எனக்கு வந்த கோபத்தை எந்தச் சாமி மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் என் பீவி நூருன்னிசா புர்க்காவை மாட்டிக்கொண்டு அலோனுக்குக் கிளம்பிவிட்டாள். நானும் போனேன். சத்யபாமா பெரிய அண்டாவில் பட்டாணி கிளறிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஏன் வந்தோம் என்று புரிந்துகொண்டு, முகத்தைத் திருப்பாமலே கிளறினாள். வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் கரண்டி நின்றது. சத்தம் தாண்டிப் போனதும் மறுபடி சுற்றியது.

நூரு எடுத்துச் சொன்னாள். பேர் விழுந்தபிறகு காப்பு என்ன காப்பாற்றியது என்றாள். பேர்தானே விழுந்தது, ஆளையா பிடித்துவிட்டார்கள் என்றாள் சத்யபாமா. கடலில் போகிற பிள்ளை என்றாள் நூரு. அதனால்தான் இரும்பு வேண்டும், கடலில் துரையை விட்டால் யார் என்றாள். கொரோனா வருஷத்தில் அவள் புருஷன் பழனியப்பன் மூச்சுக்குக் காற்றில்லாமல் போய்ச் சேர்ந்தான். அதையும் இழுத்தாள்.

"அவுக கால்ல காப்பு இல்லக்கா. கலியாணத்துக்கு அறுத்தாக. என்னையக் கட்டுறதுக்குன்னு அறுத்தாக."

தட்டில் பட்டாணி வைத்துக் கொடுத்தாள் சத்யபாமா. சுட்டது. மூவரும் ஊதி ஊதித் தின்றோம். கிளம்பும்போது நான்தான் சொன்னேன், எனக்குப் பொறுமை கம்மி.

"தங்கவேலுவைக் கூப்பிடுறேன்மா. துரைக்கு அவர்தானே பூசாரி. வெள்ளிக்கிழமை என் கடைக்கு வா. அவர் அறுக்கக் கூடாதுன்னா நான் அறுக்கல. அறுக்கலாம்னா நீ தடுக்காத."

அவள் மறுபடி கரண்டியை எடுத்து அண்டாவைக் கிளறினாள்.

தங்கவேலுவுக்கு டாலாவில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிற வேலை. காலில் மிதித்துப் பிழைப்பு, வாயில் துரையின் கதை. ஆடு இல்லாமல், விரதமில்லாமல், விடிய விடியப் பாடுகிற ராக்கதை இல்லாமல், பட்டப்பகலில் ஒரு இரும்புக் கடையில் விடுதலையா என்று போனில் தயங்கினார். துரை எந்தக் கோயிலில் இருந்தார், இரும்போடுதானே இருந்தார் என்றேன். சிரித்துவிட்டு வருகிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் எங்கள் கடை ஷட்டர் எப்போதும் இறங்கியிருக்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அன்று நான் தொழப் போகவில்லை. அதை அல்லாஹ்விடம் நான் பேசிக்கொள்கிறேன். பின்கட்டில் வைஸ் பூட்டிய மேஜை பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் மாதிரி ஒரு சார்ஜ் லைட்டை வைத்தேன். தங்கவேலு ஒரு சுருட்டும் ஒரு ரொட்டியும் எடுத்து வந்திருந்தார். துரைக்கு அவை இரண்டும் போதும். கார்த்தி ஸ்டூலில் உட்கார்ந்தான், நூரு மேஜை ஓரம் நின்றாள். சத்யபாமா கடைசியாக வந்து, சாக்கு மேல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

தங்கவேலு மெல்லிய குரலில் ஆரம்பித்தார். பாட்டை அடக்கி வசனமாகச் சொன்னார். இத்தனை வருஷம் காப்பு விற்றும் நான் அந்தக் கதையை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

துரையின் பேர் தாமசு. விலாயத்தில், அதாவது இங்கிலாந்துச் சீமையில், பனி கொட்டுகிற ஒரு ஊரில் பண்ணைக்கூலி. அறுப்பு முடிந்தால் வேலையில்லை, வேலையில்லாவிட்டால் ரொட்டியில்லை. ஒரு குளிர்காலத்தில் பண்ணையாரின் ஆடு ஒன்றைப் பிடித்துத் தின்றுவிட்டான். தின்றவன் தோலைப் புதைத்திருக்க வேண்டாமா? குளிருக்கு ஆகும் என்று கட்டிலில் விரித்துப் படுத்துக்கொண்டான். தோலைப் பார்த்துப் பிடித்தார்கள். இப்படிப்பட்ட புத்திசாலி சாமியாகிப் பிள்ளைகளைக் காக்கிறானா என்று எனக்கு வாய்வரை வந்தது. நூரு முறைத்தாள்.

ஏழு வருஷத் தண்டனை, கடல் தாண்டி ஆஸ்திரேலியாவில். கப்பலின் அடித்தட்டில் இவனும் இன்னொருவனும் ஒரே சங்கிலி. அந்த இன்னொருவன் காய்ச்சலில் செத்துப்போனான். செத்ததைச் சொன்னால் அவன் பங்கு ரொட்டி வராது என்று, பிணத்தோடு படுத்துக்கொண்டு இரண்டு பங்கும் தின்றான் தாமசு. இதைச் சொல்லும்போது தங்கவேலு குரலைத் தாழ்த்தினார். அதற்கப்புறம் எனக்கு நக்கல் செய்யத் தோன்றவில்லை.

கரை இறங்கியதும் ரோடு போட விட்டார்கள். பிறகு மரம் அறுக்கிற குழி. மேலே ஒருவன், குழிக்குள் ஒருவன் நின்று வாளை ஏற்றி இறக்க வேண்டும். இவன் குழிக்குள். ஓடினான், பிடிபட்டான், முதுகு உரியச் சவுக்கடி வாங்கினான், தண்டனை நீண்டது, காலில் காப்பு ஏறியது. இரண்டாம் தடவை, சென்னைப் பட்டணத்துக்குக் குதிரை ஏற்றிய கப்பலில் வைக்கோலுக்குள் புகுந்துகொண்டான். குதிரைகள் காட்டிக்கொடுக்கவில்லை. பட்டணத்தில் இறங்கி, ரங்கூனுக்குக் கூலியாட்கள் ஏறுகிற கப்பலில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டான். மேல்தட்டில் அவனுக்கு இடம் விட்டவர் செல்லக்கண்ணு, செத்துப்போன பழனியப்பனின் பாட்டனுக்குப் பாட்டன். சோதனைக்கு வந்தபோது தன் போர்வையை அவன்மேல் போட்டு, அம்மை வார்த்திருக்கு என்று சொல்லிவிட்டார். அம்மைக்காரன் போர்வையை எந்த அதிகாரி தூக்கிப் பார்ப்பான்?

அலோனில் மரக்கிடங்கில் மறுபடியும் அதே குழி வேலை. மேலேயிருந்து கொட்டுகிற மரத்தூளில் மூழ்கி நிற்பவன் வெள்ளையா கறுப்பா என்று யாருக்குத் தெரியும்? மரத்தூளோடு வருவான், செல்லக்கண்ணு வீட்டில் மீன்குழம்பு தின்பான், தூங்குவான். போலீஸ் தொப்பியைக் கண்டால் குழிக்குள் இறங்கிவிடுவான். காப்பில் சர்க்கார் முத்திரை இருந்தது. அதை அறுத்தவன் யார் என்று நாளைக்குக் கேள்வி வரும் என்று, ஜெட்டிப் பக்கத்துக் கொல்லர்கள் ஒருவரும் கைவைக்கவில்லை. தண்டனை வருஷமெல்லாம் எப்போதோ முடிந்திருக்கும். காப்போடுதான் திரிந்தான். பேதி வந்து சாகும்போதும் காப்பு காலில் இருந்தது. காப்போடு புதைத்தார்கள். அப்புறம் செல்லக்கண்ணு பெண்சாதியின் கனவில் வந்து சுருட்டும் ரொட்டியும் கேட்டான். கல் நட்டார்கள்.

"ஒருத்தருமா அறுத்துவிடல?"

கேட்டது சத்யபாமா. துரையின் கதை நடுவில் யாரும் கேள்வி கேட்பது வழக்கமில்லையாம். தங்கவேலு தடுமாறினார்.

"ஒருத்தரும் இல்லம்மா. எல்லாத்துக்கும் பயம்."

"அறுத்துவிட்டிருந்தா?"

தங்கவேலு பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"போயிருப்பாரு. எங்கயாச்சும் போயி, ஒரு வேல, ஒரு பொண்டாட்டின்னு இருந்திருப்பாரு. இங்க கல்லா நின்னு காவல் காக்க ஆளு இருந்திருக்காது. சாமி ஆயிருக்க மாட்டாரு."

வெளியே மழை தகரத்தில் இறங்கியது. கார்த்திக்குப் பாதிதான் புரிந்திருக்கும், ஆனால் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"எம்புள்ள சாமியாக வேணாம்ணே."

சொல்லிவிட்டு எழுந்தாள். மேஜை பக்கம் வந்து என்னிடம், "எந்தப் பக்கம் அறுக்கணும்?" என்றாள்.

விடுதலையில் முதல் இழுப்பு பெற்றவள் கை என்பது முறை. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. காப்பின் ஒரு பக்கத்தை வைஸில் இறுக்கி, தோலுக்கும் இரும்புக்கும் நடுவில் தோல் துண்டு செருகி, தேங்காயெண்ணெய் விட்டு ஹாக்சா ரம்பத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் ஒரு இழுப்போடு நிறுத்தவில்லை. நான் கைநீட்டினேன், தரவில்லை. ஒரு பிளேடு ஒடிந்தது. இன்னொன்று மாட்டிக் கொடுத்தேன். நானும் ஆளைச் சும்மாவா விட்டிருந்தேன், இரண்டு ரிவெட் அடித்திருந்தேனே. என் வேலையின் உறுதிக்காக நான் வெட்கப்பட்டது அந்த ஒரு நாள்தான். அண்டா கிளறிய கை அது. வியர்வை எண்ணெயோடு சேர்ந்து சொட்டியது, அவள் நிறுத்தவில்லை. காப்பு விட்டுக் கீழே விழுந்தது.

கணுக்காலைச் சுற்றி, வெயிலே படாத தோல் வெளுத்து ஒரு வளையமாகத் தெரிந்தது. இரும்பு போனது, அடையாளம் போகவில்லை. கோ தெய்ன் இதைப் பார்த்தால் என்ன, சோதனைக்காரன் பார்த்தால் என்ன, இரண்டும் ஒன்றுதான். நான் தலையில் கைவைத்தேன். சத்யபாமா பின்கதவைத் திறந்து, சந்துச் சாக்கடை ஓரத்துச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி வந்தாள். மகன் முன்னால் உட்கார்ந்து முழங்கால் வரைக்கும் பூசினாள், இரண்டு காலிலும். டாலாவுக்குப் போகிறவன் காலில் மழைக்காலத்தில் சேறு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். சின்ன வயதில் கழுவிவிட்ட மாதிரியே, விரல் இடுக்கில்கூட விடாமல் பூசினாள். பையன் அழுதான். அவள் அழவில்லை.

"வழியில வெறும் வயித்தோட இருக்காத. யாரோடயும் சண்டைக்குப் போகாத," என்றாள். "யபாதே மே மே," என்றான் அவன். பரவாயில்லம்மா என்று அர்த்தம். எது பரவாயில்லை என்று அவனுக்கே தெரியாது.

தங்கவேலு அவனைப் பின்கதவுப் பக்கம் திருப்பி நிறுத்தினார். விடுதலையானவன் படகேறும் வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொன்னார். திரும்பிப் பார்த்தால் துரை கூப்பிட்டுக்கொள்வார், எங்கே போனாலும் இந்த இடத்துக்கே கொண்டு வந்து சேர்த்துவிடுவார். சத்யபாமா அதைப் பர்மிய மொழியிலும் ஒரு தடவை மகனுக்குச் சொன்னாள், புரியாமல் போய்விடக் கூடாதே என்று. அவன் தலையாட்டிவிட்டு நடந்தான். இத்தனை வருஷம் இரும்பைத் தூக்கி வைத்த கால், இப்போது தேவைக்கு மேல் உயர்ந்து உயர்ந்து இறங்கியது.

அவள் ஜெட்டிக்கு வரக் கூடாது என்று முன்பே பேசியிருந்தோம். தாயும் பிள்ளையும் அழுது நின்றால் எந்தக் குருடனுக்கும் விஷயம் விளங்கும். நான் மட்டும் குடையை விரித்துக்கொண்டு, வசூலுக்குப் போகிறவன் மாதிரி பின்னால் போனேன். ஜெட்டி வாசலில் இரண்டு பேர் துப்பாக்கியோடு நின்று பைகளைக் கிளறினார்கள். கார்த்தியை நிறுத்தினார்கள். ஒருவன் அவன் காலைப் பார்த்தான். சேற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, தள்ளிப் போ என்று கையாட்டினான். கார்த்தி டாலா போகிற படகுக்குப் பலகை மேல் கூட்டத்தோடு ஏறிப்போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். படகு நகர்ந்து மழைக்குள் போய் மறையும் வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

கடையில் நூரு டீ போட்டிருந்தாள். சத்யபாமா தொடவில்லை. கையில் சேறு அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தே ஏறிவிட்டான் என்று புரிந்துகொண்டாள்.

"திரும்பிப் பாத்தானா?"

"இல்லம்மா," என்றேன்.

"நல்லது," என்றாள். தங்கவேலு கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் வைஸ் மேஜையைத் துடைத்தேன், பிளேடுத் துண்டுகளைப் பொறுக்கினேன். மழை விட்டுச் சாலையில் வண்டிச் சத்தம் கிளம்பியது. ஷட்டரைத் தூக்க வேண்டிய நேரம். அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பிறகு மிகவும் சின்னக் குரலில் கேட்டாள்.

"ஒரு தடவகூடவா அண்ணே?"

துருப்பிடித்த கீலைப் புதுசு என்று சொல்லி விற்கிற வாய்தான் என்னுடையது. ஆனால் அந்தக் கேள்விக்கு இரண்டாம் தடவை பொய் வரவில்லை.

"பாத்தாம்மா," என்றேன். "பலகையில கால வைக்கிறப்ப ஒரு தடவ. அப்புறம் படகுல ஏறி நின்னப்பறமும் பாத்துக்கிட்டேதான் போனான். என்னைய இல்ல. ஒன்னையத் தேடினான்."

தங்கவேலு பதறி எழுந்தார். பரிகாரம் ஏதாவது சொல்ல வாயெடுத்தார். சத்யபாமா அவரைப் பார்க்கவேயில்லை. அன்று காலையிலிருந்து வராத அழுகை இப்போதுதான் வந்தது. சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்துட்டானா," என்றாள். "அப்ப வந்துருவான்."